நேற்றுவரை நன்றாக இருந்த நாய் இரண்டு மணி நேரத்தில் இறந்தது எப்படி?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லாப்ரடார் மணி கடந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் இறந்துவிட்டான். ஒன்பது வயது முடிந்து நான்கு மாதம்; எடை 32 கிலோ. அன்று காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் என்னுடன் நடந்தான், தெருமுனைப் பால்கடையில் தனக்கு உரிய இரண்டு பிஸ்கட்டை வாங்கித் தின்றான், வீடு திரும்பித் தயிர்ச்சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டான். பதினொரு மணிக்கு மாடிப்படியின் கீழே படுத்திருந்தவனை என் மகள் கூப்பிட்டபோது வாலை மட்டும் அசைத்தான், எழுந்து வரவில்லை. நான் தூக்கி நிறுத்தியபோது பின்னங்கால்கள் துவண்டன. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெளுத்த வேட்டியின் நிறத்தில் இருந்தது, காதுமடல் சில்லென்றிருந்தது.

ஆட்டோவில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது மணி 11.50. மருத்துவர் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே திரவம் நிறைந்திருப்பதாகச் சொன்னார். ஊசி குத்தி இழுத்தபோது வந்தது ரத்தம். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மணிக்குச் சற்று முன், மூச்சு நின்றுவிட்டது. "மண்ணீரலில் கட்டி இருந்து வெடித்திருக்கலாம்" என்று மருத்துவர் சொன்னது நினைவிருக்கிறது. அதற்கு மேல் கேட்கும் நிலையில் நான் இல்லை. அன்று மாலையே மேலூர்ப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டோம்.

இப்போது வீட்டில் மூன்று விதமான பேச்சு நடக்கிறது. குரைப்பு பற்றி இருமுறை சண்டை போட்ட எதிர்வீட்டுக்காரர்தான் விஷம் வைத்துவிட்டார் என்கிறார் என் அண்ணன். வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை மணி தன் மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்கிறார் அம்மா. என் மனத்தில் இருப்பது வேறு. அவன் இறப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை மாலை, அவன் சோர்ந்து படுத்தான், இரவுச் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காலை ஒன்றும் நடக்காததுபோல எழுந்து ஓடினான். வெயிலின் அசதி என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. தடுப்பூசி ஒன்றும் தவறியதில்லை. உண்மையில் என்ன நடந்தது, நான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்குநாடன்

மணியின் மறைவுக்கு வருந்துகிறேன். ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் இருந்த கோம்பை நாய் இதே போலத்தான் இறந்தது: வெளுத்த ஈறு, குளிர்ந்த உடல், நெஞ்சுக்குள் ரத்தம். பக்கத்துக் களத்தில் வைத்திருந்த எலி மருந்தை நான்கு நாட்களுக்கு முன் அது தின்றிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து நாய் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து போய்விடும். மணியின் வயிற்றிலிருந்து எடுத்த ரத்தம் உறைந்ததா, உறையவில்லையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உறையவில்லை என்றால் அது எலி மருந்துதான்.

இன்னொன்று. வளர்ப்புப் பிராணியை விஷம் வைத்துக் கொல்வது நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. உடற்கூறாய்வு செய்யாமல் புதைத்தது பெரிய தவறு என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

பழைய ஸ்டெத்

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன் நான். நான் பார்க்காத நாயைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் நீங்கள் எழுதிய வரிசையைப் படித்தபோது, என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்த ஒரு காட்சி கண்முன் வந்தது.

வெளியே ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாமல் ஒரு நாய் ரத்தமிழந்து இறக்க முடியும். 32 கிலோ நாயின் உடலில் ஏறத்தாழ இரண்டே முக்கால் லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறுகிய நேரத்தில் வயிற்றுக்குள் கசிந்துவிட்டால், மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் தக்கவைக்க உடல் தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்த்த வெளுத்த ஈறும் குளிர்ந்த காதும் அதன் அடையாளம். நடுவயதைத் தாண்டிய பெரிய இன நாய்களில், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் போன்றவற்றில், இதற்கு முதலில் நினைக்க வேண்டிய காரணம் மண்ணீரல் கட்டி. அவற்றுள் பொல்லாதது ஹீமான்ஜியோசர்கோமா என்னும் புற்றுநோய். ரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்களிலிருந்து பிறப்பதால், அந்தக் கட்டியே ரத்தம் தேங்கிய, எளிதில் கிழியும் பைகளின் குவியலாக இருக்கும். மண்ணீரல், கல்லீரல், இதயத்தின் வலது மேலறை ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். அது வலிப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை, சாதாரண ரத்தப் பரிசோதனையில் தன்னைக் காட்டிக்கொள்வதும் இல்லை. உங்கள் மூன்று மாத முந்தைய அறிக்கை சரியாக இருந்ததில் வியப்பில்லை.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். கட்டி முதலில் சிறிதாகக் கிழிந்து, கொஞ்சம் கசிந்து, தானே அடைபட்டிருக்கலாம். அன்று நாய் சோர்ந்து படுக்கும். வயிற்றுக்குள் கசிந்த ரத்த அணுக்களில் பெரும்பகுதியை வயிற்று உறையே உறிஞ்சி மீண்டும் ஓட்டத்துக்கு அனுப்பிவிடும் என்பதால், ஓரிரு நாளில் நாய் எழுந்து ஓடும். சோர்வுக்குக் காரணமான அதே நோய்தான் மறுநாளின் ஓட்டத்தையும் நமக்குக் காட்டி ஏமாற்றுகிறது. அனுபவமுள்ள மருத்துவனையும் அது ஏமாற்றும், என்னை ஏமாற்றியிருக்கிறது.

கொங்குநாடன் அவர்களுக்கு: உங்கள் கோம்பைக்கு நடந்ததாக நீங்கள் சொல்வது முற்றிலும் பொருந்துகிறது. புரோமடியோலோன் போன்ற எலி மருந்துகள் ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் ரத்தக்கசிவை உண்டாக்கும். ஆனால் நீங்கள் சொன்ன சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. எந்தக் காரணத்தால் கசிந்திருந்தாலும், வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம் அங்கேயே ஒருமுறை உறைந்து கரைந்துவிடுவதால், ஊசியில் எடுத்த பிறகு அது மறுபடி உறையாது. விஷத்துக்கு அது சான்றாகாது. பார்க்க வேண்டியது, காலில் டிரிப்ஸ் ஊசி குத்திய இடத்தில் கசிவு நின்றதா என்பதுதான். எலி மருந்தாக இருந்தால் ஊசி குத்திய இடம், மூக்கு, ஈறு, தோலுக்கடி, நெஞ்சறை என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் கசியும். பூச்சிக்கொல்லியாக இருந்தால் எச்சில் வடியும், உடல் நடுங்கும், வலிப்பு வரும். வைகைக்கரை இவற்றில் ஒன்றையும் எழுதவில்லை.

உண்ணிக் காய்ச்சலையும் யாராவது கேட்பார்கள் என்பதால் ஒரு வரி: அதில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து தோலில் செம்புள்ளிகளும் மூக்கில் ரத்தமும் வரும், ஒரே பகலில் வயிறு நிறைய ரத்தம் தேங்குவது அதன் வழக்கமன்று.

சாம்பல்நிறம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் டாபர்மேன் ஆறு வயதில் இறந்தான். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவன் பாதியில் விழுந்தான்; நான் இருபது அடி ஓடிச் சேர்வதற்குள் உயிர் இல்லை. எனக்கு அன்று அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். காரணம் தெரியாமல் இருக்க முடியாது என்று தோன்றியதால், சென்னையில் இருந்த வசதியைப் பயன்படுத்தி வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொண்டுபோனோம். எங்கள் மருத்துவர் தொலைபேசியில் சொன்ன ஒரு குறிப்பை இங்கே பதிய விரும்புகிறேன். உடலை ஐஸ் பொதிகளால் சுற்றிக் குளிராக வைக்கலாம், ஆனால் உறையவைக்கக் கூடாது. உறைந்தால் அணுக்கள் சிதைந்து நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாமல் போய்விடும். நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே திசுக்கள் கெடத் தொடங்கிவிடுவதால், முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு.

இதயத் தசை மெலிந்து, அறைகள் விரிந்திருந்தன என்று அறிக்கை வந்தது. டாபர்மேன்களில் இது பரம்பரையாக வருவது என்றும், சில நாய்களில் முதல் அறிகுறியே மரணம்தான் என்றும் சொன்னார்கள். அவனுடன் பிறந்த குட்டியை வளர்த்தவரிடம் அந்த அறிக்கையைக் கொடுத்தேன். அந்த நாய்க்கு இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் கட்டிப் பார்த்ததில் இதயத்துடிப்பில் கோளாறு தெரிந்தது. பிமோபென்டான் என்னும் இதய மாத்திரை தொடங்கினார்கள். என் நாய்க்குப் பயன்படாத அறிக்கை அவன் தம்பிக்குப் பயன்பட்டது.

ஆனால் கொங்குநாடன், "பெரிய தவறு" என்று நீங்கள் எழுதியதை ஏற்க இயலவில்லை. மடியில் கிடக்கும் நாயை அறுத்துப் பார்க்கக் கொடுக்கலாமா என்ற கேள்வி அந்த நேரத்தில் எல்லோருக்கும் தோன்றாது. மருத்துவர்தான் அதை மென்மையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தாமிரபரணி

இரண்டு செய்திகள் மட்டும். முதலாவது, இந்த இழையைப் படிக்கும் பெரிய நாய் வளர்ப்பவர்களுக்கு. நெஞ்சு ஆழமான நாய் வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வெளிவராமல், வயிறு மத்தளம்போல் உப்பிக்கொண்டு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது வயிறு முறுக்கிக்கொள்வது. எங்கள் கிரேட் டேனை இரவு பதினொன்றுக்கு அப்படிப் பார்த்தோம், ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம், விடியற்காலையில் போய்விட்டது. அறுவைச் சிகிச்சை ஒன்றுதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள்.

இரண்டாவது, உங்கள் அம்மா சொன்னது. என் ஆச்சியும் அதையேதான் சொன்னார். பெரியவர்கள் அப்படிச் சொல்லித்தான் இழப்புக்கு ஒரு பொருள் தேடிக்கொள்கிறார்கள். அதை மறுத்துப் பேசி அவர்களை வருத்த வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மகள் காதில் அது எப்படி விழுகிறது என்று பாருங்கள். எனக்கு எட்டு வயது அப்போது. யாருக்கு வந்த கண்டம், எனக்கா என்று பல நாள் உறங்காமல் கிடந்திருக்கிறேன்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. பழைய ஸ்டெத் ஐயா கேட்டதற்கு: முன்னங்காலில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்தப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தது நான்தான். மூக்கிலோ சிறுநீரிலோ ரத்தம் இல்லை. நடுக்கமும் வலிப்பும் இல்லை. எங்களிடம் சுண்டு என்று மூன்று வயது நாட்டு நாய் ஒன்றும் இருக்கிறது. மணி தின்பதையெல்லாம் பிடுங்கித் தின்பவன் அவன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் மாடிப்படியின் கீழே மணியின் இடத்திலேயே படுத்திருக்கிறான்.

ஐயாவிடம் மூன்று கேள்விகள். இப்போது தோண்டியெடுத்துப் பரிசோதித்தால் ஏதாவது தெரியுமா? அந்த வியாழக்கிழமையே ஸ்கேன் எடுத்திருந்தால் மணி பிழைத்திருப்பானா? சுண்டுவை என்ன செய்வது? இரண்டாம் கேள்விக்கு ஆறுதலுக்காக அன்றி உண்மையாகவே பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஸ்டெத்

தோண்ட வேண்டாம். இந்த வெயிலில் மண்ணுக்குள் ஐந்து நாள் கிடந்த மண்ணீரலைக் கொண்டு கட்டியின் தன்மையை எந்த நோயியல் வல்லுநராலும் சொல்ல இயலாது. உங்களுக்குக் கிடைக்கப்போவது காணக்கூடாத ஒரு காட்சி மட்டுமே.

இரண்டாம் கேள்விக்கு, நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன். வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்திருந்தால் கட்டி தெரிந்திருக்கலாம். மண்ணீரலை அறுத்து அகற்றியிருக்கலாம். மண்ணீரல் கட்டிகள் எல்லாமே புற்றுநோய் அல்ல. ஏறத்தாழ மூன்றில் ஒன்று சாதாரண ரத்தக்கட்டியாகவோ தீங்கற்ற வீக்கமாகவோ இருக்கும், அப்படிப்பட்ட நாய் அறுவைக்குப் பின் முழு ஆயுள் வாழும். அந்த வாய்ப்பு மணிக்கு இல்லவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் கிழிந்து ரத்தம் கசிந்த நிலையில் வரும் கட்டிகளில் பொல்லாதவையே மிகுதி. ஹீமான்ஜியோசர்கோமாவாக இருந்திருந்தால், அறுவை மட்டும் செய்த நாய்களில் பாதி ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் இறந்துவிடுகின்றன. கீமோதெரபியும் சேர்த்தால் நான்கு முதல் ஆறு மாதம். ஓராண்டைத் தாண்டுபவை பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே நீங்கள் இழந்தது ஒரு சிறிய வாய்ப்பு, அல்லது பெரும்பாலும் சில மாதங்கள். அவற்றிலும் தையலும் மருந்தும் மருத்துவமனை நாட்களும் கலந்திருக்கும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒரு வேளை சோறு உண்ணாமல், மறுநாள் ஓடிய லாப்ரடாரை வெள்ளிக்கிழமை காலை என்னிடம் கொண்டுவந்திருந்தால், நான் ஈறைப் பார்த்திருப்பேன், காய்ச்சல் பார்த்திருப்பேன், வயிற்றை அழுத்திப் பார்த்திருப்பேன், பிறகு ஒரு சத்து டானிக் எழுதி அனுப்பியிருப்பேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன் என்று இன்று உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்கு எளிது. அன்று உங்களுக்குத் தெரிந்திருந்ததை வைத்துத்தான் நீங்கள் முடிவெடுத்தீர்கள்.

சுண்டுவைப் பற்றி: துணையை இழந்த நாய் சில நாள் உணவைக் குறைத்துக்கொள்வது உண்டு. ஆனால் துக்கம் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. முழுநாள் ஒன்றுமே தின்னாவிட்டால் காட்டுங்கள். தினமும் ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாயாக இருந்தால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். உறங்கும்போது நிமிடத்துக்கு முப்பதுக்குக் குறைவாக மூச்சு இருக்க வேண்டும். எட்டு வயதைத் தாண்டிய பெரிய நாய் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கலாம். ஆனால் இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவிலேயே இந்தக் கட்டி வளர்ந்து வெடித்துவிடக்கூடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கொங்குநாடன்

உறையாத ரத்தம் பற்றி ஐயா சொன்னது எனக்குப் புதிய செய்தி. ஆறு ஆண்டுகளாக அந்த ஒரு சான்றை வைத்துக்கொண்டு பக்கத்துக் களத்துக்காரரைப் பழித்து வந்திருக்கிறேன். அவர் களத்தில் மருந்து வைத்திருந்தது உண்மை. என் நாய் அதைத் தின்றதை யாரும் பார்க்கவில்லை என்பதும் உண்மை. வைகைக்கரை அண்ணா, உங்கள் மணிக்கு விஷம் என்று நான் இனி வாதிட மாட்டேன். புதைத்தது தவறு என்று எழுதியதற்கு மன்னிக்கவும்.

வைகைக்கரை

மருத்துவமனைக்கு மறுபடி போனேன். அன்று அவசரத்தில் எடுத்த ஸ்கேன் படம் கருவியிலேயே சேமிப்பில் இருந்ததால், மருத்துவர் திரையில் காட்டினார். மண்ணீரலின் ஓரத்தில் எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய, உள்ளே கரிய குழிகள் நிறைந்த ஒரு கட்டி. சுற்றிலும் கறுப்பாகத் திரவம். என்ன வகைக் கட்டி என்று தன்னால் எழுத இயலாது, கட்டி கிழிந்து ரத்தம் கசிந்தது என்று மட்டும் எழுதலாம் என்று சொல்லி, ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டை அண்ணனிடம் கொடுத்தேன். இருமுறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தாமிரபரணிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நேற்றிரவு மகளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். போன மாதம் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது. "அந்தக் காய்ச்சல்தான் மணிக்குப் போய்விட்டதா அப்பா" என்று கேட்டாள். ஒரு தாளில் நாயை வரைந்து, மண்ணீரல் எங்கே இருக்கிறது, கட்டி எப்படி வளர்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்று மாலை எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, நாயைக் காணவில்லையே என்று கேட்டார். அண்ணனும் அங்கேதான் இருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். இரவுப் பணி முடிந்து அவர் வரும்போதெல்லாம் மணி குரைப்பானாம். சில நாளாகச் சத்தமே இல்லாததால், நாங்கள் வெளியூர் போயிருக்கிறோம் என்று நினைத்தாராம்.

சுண்டு பாதிச் சோறு தின்றான். ஈறு பார்க்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். விரலால் அழுத்திவிட்டு, வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள்.